உலக ஸ்மார்ட்போன் விற்பனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஸ்மார்ட்போன் சந்தை பற்றிய புள்ளிவிவரங்கள் வெளியாகும்போதெல்லாம், என்னை வந்தடையும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதிச் சலித்துப் போனதால், கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு பெயர் குறிப்பிடாத இடங்களில், எண்கள் ஐடிசி என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்குகளிலிருந்து எடுக்கப்பட்டு, கோடிக் கணக்கில் முழுமையாக்கப்பட்டவை. முழு ஆண்டுக் கணக்குகளை 2024 வரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

உலகம் முழுக்க ஒரு வருடத்தில் எத்தனை ஸ்மார்ட்போன் விற்கிறது?

2024-இல் சுமார் 124 கோடி. அதற்கு முந்தைய 2023-இல் சுமார் 117 கோடி. பத்தாண்டுகளில் அதுவே மிகக் குறைவான எண்ணிக்கை. இதுவரை எட்டிய உச்சம் 2016-இல் பதிவான ஏறத்தாழ 147 கோடி.

ஷிப்மென்ட் என்கிறார்கள், விற்பனை என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

அல்ல. செய்திகளில் நாம் படிப்பவற்றுள் பெரும்பாலானவை ஷிப்மென்ட் எண்கள், அதாவது தயாரிப்பாளர்கள் விநியோகஸ்தர்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பிவைத்த போன்களின் எண்ணிக்கை. அவற்றில் எத்தனை வாங்குபவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தன என்பது வேறு கணக்கு. மேலே நான் கொடுத்த எண்களும் ஷிப்மென்ட் எண்களே. பேச்சு வழக்கை ஒட்டி இந்தப் பக்கத்தில் அவற்றையும் விற்பனை என்றே எழுதுகிறேன்.

நீண்ட காலத்தில் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடும், ஏனெனில் விற்காத சரக்கைக் கடைக்காரர் முடிவில்லாமல் வாங்கி அடுக்கிக்கொண்டே இருக்க மாட்டார். ஆனால் ஒரு காலாண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டும் எதிரெதிர்த் திசையில்கூடப் போகலாம். ஒரு நிறுவனம் 100 போன்களை அனுப்புகிறது, அவற்றில் 70 விற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மீதி 30 கடைகளில் தேங்கியிருப்பதால் அடுத்த காலாண்டில் 60 மட்டுமே அனுப்புகிறது. வாங்குபவர்களோ 80 வாங்குகிறார்கள். ஷிப்மென்ட் கணக்கில் இது 40 சதவீதச் சரிவு, வாங்கியவர் கணக்கில் 14 சதவீத வளர்ச்சி. ‘சந்தை சரிந்தது’ என்ற தலைப்பைக் கண்டால், நான் முதலில் தேடுவது கடைகளின் கையிருப்பு பற்றிய வரியைத்தான்.

ஒரே காலாண்டுக்கு ஆளுக்கொரு எண் சொல்கிறார்களே, யாரை நம்புவது?

ஐடிசி, கவுன்டர்பாயின்ட், ஓம்டியா போன்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முறையில் மதிப்பிடுகின்றன. தயாரிப்பாளர்கள் பலர் தங்கள் எண்ணிக்கையை வெளியிடுவதில்லை என்பதால், உதிரிபாக விநியோகம், சுங்கப் பதிவுகள், கடைகளில் நடத்தும் ஆய்வு ஆகியவற்றைக் கோத்துத்தான் மதிப்பீடு பிறக்கிறது. துணைப் பிராண்டு ஒன்றைத் தாய் நிறுவனத்தோடு சேர்ப்பதா, தனியே காட்டுவதா என்பதிலேயே முதல் ஐந்து இடங்களின் வரிசை மாறிவிடும்.

ஆகவே ஒரு நிறுவனத்தின் இந்த ஆண்டு எண்ணை இன்னொரு நிறுவனத்தின் சென்ற ஆண்டு எண்ணோடு ஒப்பிடுவது பயனற்ற வேலை. ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய தொடரையே பின்பற்ற வேண்டும். பழைய எண்களை அவர்களே பின்னர் திருத்துவதும் உண்டு. அதனால் ஒன்றிரண்டு சதவீத வேறுபாட்டின் மீது பெரிய முடிவு எதையும் கட்டிவிடக் கூடாது.

முதலில் ஏன் அவ்வளவு வேகமாக வளர்ந்தது?

கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2007-இல் உலகம் முழுவதும் விற்ற ஸ்மார்ட்போன்கள் சுமார் 12 கோடி. அந்த ஆண்டு ஜூனில்தான் முதல் ஐபோன் கடைக்கு வந்தது. அடுத்த ஆண்டு முதல் ஆண்ட்ராய்டு போன் வந்தது. 2010-இல் எண்ணிக்கை 30 கோடியைத் தொட்டது. 2013-இல் முதன்முறையாக 100 கோடியைத் தாண்டியது. சாதாரண பட்டன் போன்களைவிட ஸ்மார்ட்போன்கள் அதிகம் விற்ற முதல் ஆண்டும் 2013 தான்.

ஐபோன் ஆசையைக் கிளப்பியது. ஆனால் எண்ணிக்கையைப் பெருக்கியது ஆண்ட்ராய்டு. இயங்குதளத்தைக் கூகுள் உரிமக் கட்டணமின்றிக் கொடுத்தது. மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் சிப்போடு போனின் வடிவமைப்பு வரைபடத்தையும் சேர்த்துத் தந்ததால், பெரிய பொறியாளர் படை இல்லாத சிறு தயாரிப்பாளரும் சில மாதங்களில் போனைச் சந்தைக்குக் கொண்டுவர முடிந்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் தொலைபேசி நிறுவனங்கள் இரண்டாண்டு ஒப்பந்தத்துக்கு ஈடாகப் போன் விலையின் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்றன. இத்தனைக்கும் மேலாக, அன்று வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதன்முறை ஸ்மார்ட்போன் வாங்குபவர்கள். அந்தக் கூட்டம் ஒருமுறைதான் வரும்.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பிறகு விற்பனை எப்படிக் குறையும்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுவே. விடை கேள்விக்குள்ளேயே இருக்கிறது: எல்லோர் கையிலும் இருப்பதால்தான் குறைகிறது. புதிதாக வருபவர்கள் குறைந்த பிறகு, ஆண்டு விற்பனையை முடிவு செய்வது எத்தனை பேர் போன் வைத்திருக்கிறார்கள் என்பது மட்டுமல்ல, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுகிறார்கள் என்பதும்கூட.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உலக அமைப்பான ஜிஎஸ்எம்ஏ, 2023-இல் சுமார் 430 கோடிப் பேரிடம், அதாவது உலக மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம், ஸ்மார்ட்போன் இருந்ததாகக் கணக்கிட்டது. அதை அவ்வாண்டின் 117 கோடி விற்பனையால் வகுத்தால் 3.7 வருகிறது, தோராயமாகப் பார்த்தால், ஒரு போன் மூன்றே முக்கால் ஆண்டுகள் உழைக்கிறது என்று பொருள். இதே 430 கோடிப் பேர் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டு விற்பனை 143 கோடி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் 107 கோடி. ஒருவர்கூடப் போனைக் கைவிடாமல், கூடுதலாக ஓராண்டு வைத்துக்கொண்டதாலேயே சந்தை கால் பங்கு சுருங்கிவிடுகிறது. இரண்டு போன் வைத்திருப்பவர்கள், கைமாறும் பழைய போன்கள் ஆகியவற்றை இந்த வகுத்தல் கணக்கு கவனிக்கவில்லை. இருந்தாலும், 2016-க்குப் பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

ஏன் முன்புபோல அடிக்கடி மாற்றுவதில்லை? பணமில்லையா?

விலை ஒரு காரணம்தான். 2017-இல் ஐபோன் எக்ஸ் 999 டாலரில் தொடங்கியபோது பலர் ஒரு தலைமுறையைத் தாண்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள் 2013 தொடங்கி ஒப்பந்தச் சலுகையைக் கைவிட்டதும் முக்கியமானது. 199 டாலர் என்று தோன்றிய போனின் உண்மை விலை, மாதத் தவணையாக ரசீதில் தெரியத் தொடங்கியது. தவணை முடிந்த போனை வைத்துக்கொண்டால் மாதச் செலவு குறையும் என்பது அதற்குப் பிறகுதான் பலருக்கு உறைத்தது.

ஆனால் பெரிய காரணம், போன்கள் நன்றாக ஆகிவிட்டன என்பதே. 2010-இல் வாங்கிய போன் 2012-இல் திணறியது. இன்று மூன்றாண்டுப் பழைய நடுத்தரப் போனில் காணொளியும் பணப் பரிமாற்றமும் தடையின்றி நடக்கின்றன. பழுதாவது பெரும்பாலும் பேட்டரி மட்டுமே. இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு: பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் 2017 இறுதியில் ஒப்புக்கொண்டு, 2018 முழுவதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2019 ஜனவரியில் வருவாய் எதிர்பார்ப்பைத் தாழ்த்தி ஆப்பிளின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் எழுதிய கடிதத்தில், சீனப் பொருளாதாரத்தோடு அந்த மலிவான பேட்டரி மாற்றமும் காரணங்களுள் ஒன்றாக இடம்பெற்றது.

இனி இது இன்னும் நீளும். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழாண்டு மென்பொருள் புதுப்பிப்பு உறுதியளிக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, பேட்டரி 800 முறை மின்னேற்றிய பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும் என்கிறது. உதிரிபாகங்கள் நெடுநாள் கிடைக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது.

கொரோனாவால்தானே சந்தை விழுந்தது?

கொரோனாவுக்கு முன்பே விழத் தொடங்கிவிட்டது. முழு ஆண்டுக் கணக்கில் முதல் இறக்கம் 2017-இல், அதுவும் மிகச் சிறிய அளவில், வந்தது. 2018-இல் 140 கோடி, 2019-இல் 137 கோடி என்று இறங்கி, 2020-இல் 129 கோடிக்கு வந்தது. ஆலைகள் மூடியது, கடைகள் மூடியது இரண்டும் அந்த ஆண்டின் கதை. 2021-இல் 135 கோடியாக ஏறியது.

பெரிய அடி 2022-இல்தான் விழுந்தது. பணவீக்கத்தால் மக்கள் கையை இறுக்கினார்கள். முந்தைய ஆண்டு சிப் தட்டுப்பாட்டுக்குப் பயந்து சேர்த்த சரக்கு கடைகளில் தேங்கிக் கிடந்தது. ஆண்டு இறுதியில் சீனாவின் செங்சோ நகரிலுள்ள பெரிய ஐபோன் ஆலை முடக்கத்தாலும் தொழிலாளர் கொந்தளிப்பாலும் தடுமாறியது. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் மட்டும் 18.3 சதவீதச் சரிவு. ஒரு காலாண்டில் அதுவரை பதிவான மிகப் பெரிய சரிவு அது. ஆண்டு மொத்தம் 121 கோடியில் முடிந்தது.

2024-இல் 6 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாமே, சந்தை மீண்டுவிட்டது என்று சொல்லலாமா?

எந்த இடத்திலிருந்து வளர்ந்தது என்று கேட்க வேண்டும். 117 கோடியிலிருந்து 124 கோடிக்கு ஏறியது, முழுமையாக்காத ஐடிசி கணக்கில் 6.4 சதவீத வளர்ச்சிதான். ஆனால் அந்த 124 கோடி, பெருந்தொற்று ஆண்டான 2020-இன் 129 கோடியைவிடக் குறைவு. பள்ளத்தில் நிற்பவர் ஒரு படி ஏறினாலும் சதவீதம் அழகாகத்தான் தெரியும். 2020-இல் 5.9 சதவீதம் இறங்கி, 2021-இல் 5.7 சதவீதம் ஏறியபோதும் பழைய நிலை திரும்பிவிட்டது என்று பலர் எழுதினார்கள். 137 கோடியும் 135 கோடியும் ஒன்றல்ல.

அதற்காக 2024-இன் வளர்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. 2020-21-இல் வாங்கிய போன்கள் மேலே சொன்ன மூன்றே முக்கால் ஆண்டுக் கணக்குப்படி மாற்றத்துக்கு வந்துகொண்டிருந்தன. தேங்கிய சரக்கும் கரைந்திருந்தது. இது பழைய வேகத்தின் மறுபிறப்பு அன்று, தள்ளிப்போட்டவர்கள் வந்து வாங்கியதே.

எண்ணிக்கை குறைந்தும் நிறுவனங்கள் எப்படிப் பணம் சம்பாதிக்கின்றன?

எண்ணிக்கையும் வருவாயும் வேறு வேறு. நீண்ட நாள் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று தெரிந்தவர், நல்லதாக வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார். தவணையும் பழைய போனுக்குக் கிடைக்கும் கழிவும் அந்த நினைப்புக்குத் துணை செய்கின்றன. அதனால் சராசரி விற்பனை விலை ஏறி, குறைவான போன்களிலிருந்தும் அதே அளவு அல்லது அதிக வருவாய் வருகிறது.

ஆப்பிள் 2018 நவம்பரில், இனி எத்தனை ஐபோன் விற்றோம் என்று அறிவிக்க மாட்டோம் என்றது. அதன் நிதியாண்டுக் கணக்கில் ஐபோன் எண்ணிக்கை 2015-இல் 23 கோடியைத் தாண்டிய பிறகு, அந்த அறிவிப்பு வரும்வரை அந்த உயரத்தை மீண்டும் தொடவே இல்லை. எண்ணிக்கையை எண்ணிப் பார்ப்பதால் பயனில்லை என்று நிறுவனம் விளக்கியது. ஏறாத எண்ணைக் காட்ட யாருக்கும் பிடிக்காது என்பது என் விளக்கம்.

இப்போது முதலிடம் யாருக்கு? ஒரு மாதம் சாம்சங் என்கிறார்கள், அடுத்த மாதம் ஆப்பிள் என்கிறார்கள்.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆப்பிள் புதிய போன்களைச் செப்டம்பரில் வெளியிடுவதால் கடைசிக் காலாண்டு அதனுடையது. சாம்சங்கின் முதன்மை வரிசை ஆண்டுத் தொடக்கத்தில் வருவதால் முதல் காலாண்டு பெரும்பாலும் அதற்குச் சாதகம். 2023-இன் கடைசிக் காலாண்டில் ஆப்பிள் சுமார் 8 கோடி அனுப்பி முதலிடத்தில் இருந்தது. அடுத்த காலாண்டிலேயே சுமார் 5 கோடிக்கு இறங்க, 6 கோடியோடு சாம்சங் மேலே வந்தது. எனவே ஒரு காலாண்டை அதற்கு முந்தைய காலாண்டோடு அல்லாமல், முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட வேண்டும்.

முழு ஆண்டுக் கணக்கில் 2011-க்குள் நோக்கியாவின் ஆதிக்கம் முடிந்த பிறகு சாம்சங் நீண்ட காலம் முதலிடத்தில் இருந்தது. 2023-இல் 23.5 கோடியோடு ஆப்பிள் அதை முதன்முறையாக முந்தியது, சாம்சங்குக்கு 22.7 கோடி. 2024-இலும் அதே வரிசைதான். மூன்றாவது இடத்தில் ஷாவ்மி, அடுத்து டிரான்ஷன், ஓப்போ.

டிரான்ஷனா? அப்படி ஒரு போனை நான் பார்த்ததே இல்லையே.

அந்தப் பெயரில் போன் கிடையாது. டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் ஆகியவை அதன் பிராண்டுகள். ஷென்சென் நகரைச் சேர்ந்த இந்த நிறுவனம் ஆப்பிரிக்காவை முதன்மைச் சந்தையாகக் கொண்டு வளர்ந்தது. கருமையான தோலைத் தெளிவாகப் படமெடுக்கும் கேமரா, ஒன்றுக்கு மேற்பட்ட சிம், நெடுநேரம் நிற்கும் பேட்டரி என்று அங்குள்ளவர்களின் தேவைக்கேற்பப் போன் செய்தது. முதன்முறை வாங்குபவர்கள் இன்னும் எங்கே மிஞ்சியிருக்கிறார்கள் என்பதற்கு, 2024-இல் 10 கோடியைத் தாண்டிய அதன் எண்ணிக்கை ஒரு நல்ல அடையாளம்.

ஹுவாவெய் என்ன ஆயிற்று?

2019 மே மாதத்தில் அமெரிக்கா இந்தச் சீன நிறுவனத்தை வணிகத் தடைப் பட்டியலில் சேர்த்ததால் கூகுள் சேவைகள் போயின. 2020-இன் இரண்டாம் காலாண்டில் அது உலக முதலிடத்தைத் தொட்டது வேடிக்கைதான். பெருந்தொற்றில் மற்ற நாடுகள் முடங்கியிருக்க, சீனா முன்னதாகத் திறந்திருந்ததன் விளைவு அது. சிப் வாங்குவதற்கான தடை அவ்வாண்டு செப்டம்பரில் இறுகியதும் சரிந்து, நவம்பரில் தன் துணைப் பிராண்டான ஹானரை விற்றது. 2023 ஆகஸ்டில் மேட் 60 ப்ரோ என்ற போனோடு சீனச் சந்தைக்குள் வலுவாகத் திரும்பியது.

சீனா, இந்தியா இரண்டிலும் இவ்வளவு மக்கள் இருக்கும்போது வளர்ச்சி எப்படி நிற்கும்?

சீனா அந்த வளர்ச்சியை ஏற்கெனவே கொடுத்துத் தீர்த்துவிட்டது. 2016-இல் அங்கு மட்டும் 46 கோடிக்கு மேல் விற்றது, அதாவது உலகில் விற்ற மூன்றில் ஒன்று. 2022-இல் அது பத்தாண்டுகளில் முதன்முறையாக 30 கோடிக்குக் கீழே போனது. உலகச் சரிவின் பெரும்பகுதி இந்த ஒரு நாட்டுக்குள்ளேயே நடந்தது. 2025 ஜனவரியில் 6000 யுவானுக்குட்பட்ட போன்களுக்கு 15 சதவீத அரசு மானியம் அறிவிக்க வேண்டிய நிலை அங்கு வந்தது.

இந்தியா 2016-இல் ஜியோ வந்து இணையக் கட்டணம் விழுந்த பிறகு வேகமெடுத்து, அமெரிக்காவை முந்தி எண்ணிக்கையில் இரண்டாவது சந்தையானது. ஆனாலும் 2021-இல் 16 கோடியைத் தொட்டு, 2022-இல் 14 கோடிக்கு இறங்கி, 2024-இல் 15 கோடியில் நின்றது. மக்கள்தொகை வாங்குவதில்லை; போனின் விலையைத் தாங்கக்கூடியவர்கள்தான் வாங்குகிறார்கள். ஜிஎஸ்எம்ஏ கணக்கில், அலைவரிசை எட்டாத இடத்தில் வாழ்பவர்கள் உலக மக்களில் 4 சதவீதம் அளவே. அலைவரிசை இருந்தும் மொபைல் இணையத்தைப் பயன்படுத்தாதவர்கள் 40 சதவீதத்தை நெருங்குகிறார்கள். இவர்களைத் தடுக்கும் காரணங்களுள் முன்னிற்பவை கருவியின் விலையும் எழுத்தறிவும்.

5ஜி, மடிக்கும் போன், செயற்கை நுண்ணறிவு: இவற்றால் விற்பனை ஏறவில்லையா?

எந்தப் போனை வாங்குவது என்பதை மாற்றின. எப்போது வாங்குவது என்பதை அவ்வளவாக மாற்றவில்லை. 3ஜியிலிருந்து 4ஜிக்கு வந்தபோது காணொளி நிற்காமல் ஓடியது, அது எல்லோருக்கும் தெரிந்தது. 2019 ஏப்ரலில் தென்கொரியாவிலும் அமெரிக்காவிலும் தொடங்கிய 5ஜி அப்படிக் கண்ணுக்குத் தெரியும் வேறுபாட்டைத் தரவில்லை. மடிக்கும் போன்கள் இத்தனை ஆண்டுக்குப் பிறகும் மொத்த விற்பனையில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. செயற்கை நுண்ணறிவு வசதிகளோ பெரும்பாலும் விலை உயர்ந்த, நினைவகம் அதிகமுள்ள போன்களோடு நின்றுவிடுகின்றன.

செகண்ட் ஹேண்ட் போன்கள் இந்தக் கணக்கில் வருமா?

வராது. முதன்முறை அனுப்பப்பட்டபோது மட்டுமே ஒரு போன் எண்ணப்படுகிறது. அது எத்தனை கை மாறினாலும் மீண்டும் எண்ணப்படுவதில்லை. பழைய போன் சந்தை, மலிவான புதிய போன்களின் விற்பனையைத் தின்கிறது. அதேவேளை பழையதுக்கு நல்ல விலை கிடைப்பதால்தான் விலை உயர்ந்த புதிய போன் விற்கிறது.

ஒரு நிறுவனத்தின் சந்தைப் பங்கு குறைந்தால் அதன் விற்பனை குறைந்தது என்றுதானே அர்த்தம்?

அப்படிக் கொள்ளக் கூடாது. 2024-இல் ஆப்பிளின் எண்ணிக்கை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்கியது. ஆனால் பங்கு 20.1 சதவீதத்திலிருந்து 18.7 ஆகக் குறைந்தது. ஷாவ்மி போன்றவை வேகமாக வளர்ந்து மொத்தம் பெருத்ததே காரணம். சரியும் சந்தையில் இதன் மறுபக்கத்தையும் காணலாம்: குறைவாக விற்ற நிறுவனமும், மற்றவர்கள் அதைவிட அதிகமாகச் சரிந்தால், பங்கை உயர்த்திக்கொள்ளும். பங்கைச் சொல்பவர் எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால் நான் ஐயப்படுவேன்.

மலிவு போன்களின் விலை ஏன் ஏறுகிறது?

2025-இன் பிற்பகுதியில் நினைவகச் சிப்களின் விலை வேகமாக ஏறியது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களே உலகின் டிராம் நினைவகத்தில் பெரும்பகுதியைத் தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கான உயர்விலை நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால், அவை உற்பத்தியை அந்தப் பக்கம் திருப்பின. விலை உயர்ந்த போனில் இந்த ஏற்றம் லாபத்தில் கரைந்துவிடலாம். ஆனால் மலிவு போனின் விலையில் நினைவகத்தின் பங்கு அதிகம், லாபம் குறைவு என்பதால் வாங்குபவர் தலையில்தான் விழும். மேலே சொன்ன முதன்முறை வாங்குபவர்களையே இது அதிகம் தடுக்கும்.

அப்படியானால் 147 கோடியை இனி எட்டவே முடியாதா?

பழைய வகுத்தல் கணக்கையே திருப்பிப் போடலாம். 430 கோடிப் பேரை வைத்துக்கொண்டு 147 கோடி விற்க வேண்டுமானால், ஒவ்வொருவரும் மூன்று ஆண்டு முடிவதற்குள் போனை மாற்ற வேண்டும். மூன்றே முக்கால் ஆண்டு என்ற பழக்கம் மாறாமல் இருந்தால், ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் சுமார் 540 கோடியாக வேண்டும். அதாவது இன்னும் 110 கோடிப் பேர் வர வேண்டும்.

முதலாவது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, ஏனெனில் புதுப்பிப்பு உறுதிகளும் பேட்டரி விதிகளும் எதிர்த்திசையில் இழுக்கின்றன. இரண்டாவது நடக்கலாம், ஆனால் அந்த 110 கோடிப் பேருக்கு வேண்டியது மிக மலிவான போன். அந்த விலையில் போன் செய்து லாபம் பார்ப்பதுதான் இப்போது தயாரிப்பாளர்களுக்குக் கடினமாகிவருகிறது.